ஊன் கடையில் அக்கா

ஜனவரி 9, 2024, செவ்வாய் – யோக்யகர்த்தா

கோயில் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அக்காவை அழைத்து வந்தேன். போரோபுதூரும் பிரம்பானனும் நேற்றோடு முடிந்தன. அவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை; நான் வேறு எழுத வேண்டாம். நான் ஜாவாவுக்கு வந்த உண்மையான காரணத்தை இன்று காலைச் சிற்றுண்டியின்போதுதான் அவளிடம் சொன்னேன்.

இந்த ஊரில் 1910-இல் லிம் கியென் நியோ என்ற பெண்மணி ஒரு பிஸ்கட் கடை தொடங்கினார். ஜாவாவில் பல தலைமுறைகளாக வேர்விட்ட சீனர்களைப் பெரானக்கான் என்பார்கள். அந்த வகைக் குடும்பம். 1922-இல் கணவர் ஊன் சுன் ஹோக்கோடு சேர்ந்து அதை ஐஸ்கிரீமும் சாப்பாடும் கிடைக்கும் உணவகமாக்கினார். அப்போது டச்சு ஆட்சி; இந்தோனேசியாவுக்கு டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் என்று பெயர். ஐரோப்பியச் சாப்பாடு, சீனச் சாப்பாடு, ஜாவாச் சாப்பாடு மூன்றும் ஒரே கூரையின் கீழ். முப்பதுகளில் மாலாங், ஜகார்த்தா, செமராங் என்று கிளைகள் வந்தன. கடைக்குப் பெயர் 'டோக்கோ ஊன்'. டோக்கோ என்றால் கடை. ஊன் என்பது குடும்பப் பெயர். டச்சு முறையில் 'ஓ', 'ஈ' என்ற இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் 'ஊ' என்றுதான் படிக்க வேண்டும்.

"ஆக, ஊன் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாய்" என்றாள் அக்கா.

அவளுக்கு 64 வயது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. சுத்த சைவம், வெளியூர் போனால் மட்டும் முட்டைக்கு விலக்கு உண்டு. கைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு செலவையும் அதில் எழுதி, ஒரு ரூபாய்க்குச் சுமார் 190 ரூபியா என்று மனக்கணக்காகவே வகுத்துப் பக்கத்தில் குறித்துவிடுவாள். லட்சங்களில் செலவு செய்கிறோமே என்ற திடுக்கிடல் முதல் நாளோடு அவளுக்குப் போய்விட்டது. எனக்கு இன்னும் போகவில்லை.

மூலக் கடையின் தடம் ஏதாவது தெரியுமா என்று மாலியோபோரோ வீதியில் நடந்தோம். நடந்தோம் என்பது பெரிய சொல். மழைக்கு ஒவ்வொரு பத்திக் துணிக்கடையாக ஒதுங்கினோம். பிப்ரவரி 14-இல் தேர்தல். வேட்பாளர்களின் முகங்கள் மரத்துக்கு மரம் நனைந்துகொண்டிருந்தன. யோக்யகர்த்தா கடை முப்பதுகளிலேயே மூடப்பட்டுவிட்டது, இத்தனை ஆண்டு கழித்துத் தடம் கிடைக்காது என்று தெரிந்தே தேடினேன். விசாரித்தபோது ஒரு துணிக்கடைக்காரர், "டோக்கோ ஊனா? அது செமராங்கில் இருக்கிறதே!" என்றார், நான் ஊர் மாறி இறங்கிவிட்டதைப் போல. அப்படியே பஸ் நிலையம் இருக்கும் திசையைக் காட்டினார். கட்டைவிரலால் காட்டினார். ஜாவாவில் ஆள்காட்டி விரலை நீட்டுவது மரியாதை இல்லையாம். நான்கு விரலையும் மடக்கி, கட்டைவிரலை மட்டும் பணிவாக நீட்டுகிறார்கள். அக்காவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த விரலை மடக்கிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இரவு குடெக். இளம் பலாக்காயைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்காக வேகவைத்துப் பழுப்பு நிறத்தில் தருகிறார்கள். பலாக்காய் என்றதும் கூட்டு, பொரியல் என்று நினைத்து அக்கா ஒரு வாய் நிறையப் போட்டாள். பாயசத்துக்குள் கை விட்டவள் போல் முகம் மாறியது. "இதற்கு உப்பு போட மறந்துவிட்டார்களா, அல்லது இதுதான் இனிப்புப் பலகாரமா?" சோறு, பலா, முட்டை, டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டி எல்லாம் சேர்த்து 25,000. நோட்டில் 'ரூ. 132, இனிப்பு' என்று எழுதினாள்.

ரயில் நிலையத்தின் பக்கம் நடைபாதையில் பாய் விரித்துக் 'கோப்பி ஜோஸ்' விற்கிறார்கள். காபித் தம்ளருக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டை இடுக்கியால் எடுத்துப் போடுகிறார்கள். 'ஜோஸ்' என்று சீறுவதால் அந்தப் பெயர். குடித்தேன். இரவு இரண்டு மணிவரை தூக்கம் வரவில்லை. கரியின் வேலையா, காபியின் வேலையா தெரியவில்லை.

ஜனவரி 10, புதன் – சோலோ

யோக்யகர்த்தாவிலிருந்து சோலோவுக்கு மின்ரயில். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. ஆளுக்கு 8,000, அதாவது 42 ரூபாய். யாரும் உரக்கப் பேசவில்லை. நாங்கள்தான் பேசினோம்.

செமராங்குக்கு நேராகப் போயிருக்கலாம். ஊன் கடையில் என்ன தட்டில் வரும் என்று புரிய வேண்டுமானால் சோலோவில் 'செலாட்' சாப்பிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் எனக்கு. டச்சு மொழியில் இலைக் கலவைக்கு 'ஸ்லா'. அதுதான் 'செலாட்' ஆயிற்று என்கிறார்கள். டச்சு அதிகாரிக்கு இறைச்சி வேண்டும், சோலோ அரசருக்குக் காய்கறி வேண்டும், அரண்மனைச் சமையல்காரர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தலை தப்பினார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை உண்மையோ பொய்யோ, தட்டு அதே பஞ்சாயத்தைத்தான் பேசுகிறது: மெல்லிய மாட்டிறைச்சித் துண்டு, வேகவைத்த காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, ஒரு கரண்டி கடுகு மயோனைஸ். அதன் மேல் ரசம் போல நீர்த்த, இனிக்கும் பழுப்புக் குழம்பு. அந்தப் பழுப்புக்குக் காரணம் கெச்சாப் மானிஸ் என்ற இனிப்புச் சோயா. ஜாதிக்காய், கிராம்பு, மிளகு வாசனை மூக்கில் ஏறுகிறது. மேற்கத்திய ஸ்டேக் சூட்டில் வாட்டி எடுப்பது. இங்கே அதைக் கொதிக்கும் குழம்பில் போட்டு மெத்தென்று ஆக்கிவிட்டார்கள். அடுப்பங்கரை இவர்களுடையதாக இருந்தால் அப்படித்தானே ஆகும்?

அக்கா தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது என்னால் மறக்க முடியாதது: "காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, கோஸ். திவசத்துக்கு ஆகாத காய் எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்திருக்கிறது."

நம் வீடுகளில் நாட்டுக் காய், இங்கிலீஷ் காய் என்று பிரித்து வைத்திருக்கிறோம். இங்கே பிரிக்கவில்லை, பெயரையே மென்று விழுங்கிவிட்டார்கள். காரட்டுக்கு 'வோர்தல்', பீன்ஸுக்கு 'புஞ்சிஸ்', கோஸுக்கு 'கோல்'. எல்லாம் டச்சுச் சொற்கள். ஸ்டேக் 'பிஸ்தீக்' ஆனது. மெல்லிய தீயில் வேகும் 'ஸ்மோர்' என்ற டச்சுப் பக்குவம் 'செமூர்' என்ற குழம்பாகிவிட்டது. 'ஃப்ரிகடெல்' என்ற இறைச்சி உருண்டை 'பெர்கெடெல்' என்ற உருளைக்கிழங்கு வடையாகிவிட்டது.

அக்கா பெச்செல் சாப்பிட்டாள்: வேகவைத்த கீரை, முளைகட்டிய பயறு, மேலே நிலக்கடலைச் சாறு. "இதுதான் இந்த ஊரிலேயே புத்தியுள்ள சாப்பாடு" என்று தொட்டுக்கொள்ள வைத்த மிளகாய்ச் சம்பாலையும் வழித்துச் சாப்பிட்டாள். அந்தச் சம்பாலில் 'தெராசி' உண்டு. தெராசி என்றால் இறால் கூனியைக் காயவைத்து இடித்த விழுது. அவள் கடைசி விரலை நக்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 11, வியாழன் – செமராங்

படித்துவிட்டாள்.

காலையில் சோலோவிலிருந்து செமராங் வரும் வரை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். இறங்கும்போது, "இனி எனக்கு வருவதை எல்லாம் முதலில் நீ தின்று பார்" என்றாள். தண்டனையாகத் தெரியவில்லை, ஒப்புக்கொண்டேன்.

செமராங் கடற்கரை ஊர். யோக்யகர்த்தாவின் மிருதுவான மழை இங்கே இல்லை. வியர்வை, பிறகு வாளி வாளியாகக் கொட்டும் மழை, பிறகு மறுபடி வியர்வை. ஊன் கடை இருப்பது பெமுடா சாலையில். பெமுடா என்றால் இளைஞர். டச்சுக் காலத்தில் அதற்குப் போஜோங் சாலை என்று பெயர். ஊரின் நாகரிக வீதி. அந்த இடத்தில் ஆங்கிலேயர் ஒருவரின் 'கிரில்ரூம்' இருந்தது. அதை ஊன் குடும்பம் 1936-இல் வாங்கியது. அன்று தொடங்கியது இன்றுவரை அதே குடும்பத்தின் கையில், பேரப்பிள்ளைகள் தலைமுறையில் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சாப்பாட்டு மேஜைகள் அல்ல, பிஸ்கட் ஜாடிகள். பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள். கடை பிறந்தது பிஸ்கட்டில்தான் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உயர்ந்த கூரை, பிரம்பு நாற்காலிகள், ஓரமாக ஒரு பழைய பியானோ. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. மெனுவில் டச்சுப் பெயர்கள் சற்றும் வெட்கப்படாமல் நிற்கின்றன: பிட்டர்பாலன், பொஃபர்ஜெஸ், ஹுசாரன் சாலட். பக்கத்திலேயே நாசி கோரெங், அதாவது வறுத்த சோறு. இன்னொரு பக்கம் செமராங்கின் பெருமையான லும்பியா, மூங்கில் குருத்து வைத்துச் சுருட்டியது.

நான் 'பிஸ்தீக் லிடா' சொன்னேன். லிடா என்றால் நாக்கு. மாட்டு நாக்கு. அக்காவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

அவள் ஜாடிகளைப் பார்த்துவிட்டு வந்து, மெல்லிய நீளமான ஒரு பிஸ்கட்டைக் காட்டி அதன் பெயர் என்ன என்று பரிமாறும் பெண்ணைக் கேட்டாள். அந்தப் பெண் சிரித்தபடி, "லிடா குச்சிங்" என்றாள். பிறகு விருந்தாளிக்கு உதவுகிற எண்ணத்தில் தன் நாக்கை லேசாக நீட்டித் தொட்டுக் காட்டினாள். "மியாவ்" என்றும் சொன்னாள்.

அக்கா ஜாடியின் மூடியைத் திரும்ப மூடினாள்.

நான் விளக்க வேண்டியதாயிற்று. மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. வடிவம் மட்டும் பூனை நாக்கு போல. டச்சிலும் அதே பெயர்தான், 'கட்டெதோங்'. இந்த ஊரில் சோற்றுக் கற்றாழைக்குக்கூட முதலை நாக்கு என்றுதான் பெயர். "நாக்கில்லாமல் இவர்களுக்கு ஒன்றும் ஓடாது போலிருக்கிறது" என்றாள். அந்த நேரம் பார்த்து என் தட்டு வந்தது. "உன்னுடையது எதன் நாக்கு?" என்று கேட்டாள். கணக்கு வாத்தியாரிடம் பொய் எடுபடாது. நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

நாக்கு வெண்ணெய் போல இருந்தது. கத்தி தேவைப்படவில்லை. மேலே அதே பழுப்புக் குழம்பு, சோலோவில் பார்த்ததன் பணக்காரச் சித்தப்பா: கெட்டியாக, ஜாதிக்காய் மணத்தோடு, இனிப்பு சற்று அடங்கி. பக்கத்தில் காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. ஐரோப்பியச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்த டச்சுக்காரர்களுக்கு இந்த வீட்டுக்காரர்கள் என்னதான் கொடுத்திருக்கிறார்கள்! ஒரு சீன வம்சத்துப் பெண், ஜாவாவின் அடுப்படியில், மலுக்குத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும் போட்டு, சோயாவில் கறுக்க வைத்து, மேலே டச்சுப் பெயர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அதை ஊர் நினைப்பாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஜாதிக்காய்க்காகத்தான் அவர்களுடைய முப்பாட்டன்மார் கப்பல் ஏறி வந்து பண்டாத் தீவுகளில் ரத்தம் சிந்தவைத்தார்கள்.

கப்பல் என்றதும் ஓர் இடைச்செருகல். இந்தோனேசிய மொழியில் கப்பலுக்குக் 'கப்பால்'. நம்முடைய சொல்தான். கடைக்கு இரண்டு சொற்கள்: 'டோக்கோ' சீனத்திலிருந்து, 'கெடாய்' தமிழிலிருந்து. எதிர்வரிசையில் 'கெடாய் கோப்பி' என்று ஒரு பலகையைக் காட்டி அக்காவிடம் சொன்னேன். "அப்படியானால் நாம் அங்கேயே போயிருக்கலாம்" என்றாள்.

பக்கத்து மேஜையில் ஒரு சீனக் குடும்பம், பாட்டிக்குப் பிறந்தநாள். வீட்டோடு வந்திருந்தார்கள். நாங்கள் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, பாட்டி தன் ஐஸ்கிரீமில் பாதியைத் தனிக் கிண்ணத்தில் போட்டு அக்காவுக்கு அனுப்பிவிட்டார். மறுக்க முடியவில்லை. பேத்தி ஆங்கிலத்தில் சொன்னது: பள்ளி நாட்களில் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பாட்டியின் அப்பா இங்கே அழைத்து வருவாராம்; குறைந்தால் வாசலோடு நடத்திக் கூட்டிப் போவாராம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன்பின் இருவரும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல், நெடுநேரம் பேசினார்கள்.

பிஸ்தீக், இரண்டு குளிர்பானம், லும்பியா, அக்காவுக்கு ரொட்டியும் முட்டையும்: இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே. நோட்டில் என் நாக்குக்குத் தனி வரி, அதில் என் பெயர்.

ஜனவரி 12, வெள்ளி – செமராங்

காலை முழுவதும் வெயில். அதிசயம்.

பெமுடா சாலையின் ஒரு கோடியில் துகு மூடா என்ற நினைவுத்தூண். அதன் எதிரே லாவாங் செவு, 'ஆயிரம் கதவு' என்று பெயர் பெற்ற கட்டடம். 1904 முதல் 1907 வரை கட்டிய டச்சு ரயில்வே கம்பெனியின் தலைமையகம். இந்தோனேசியாவின் முதல் ரயில் பாதையே செமராங்கிலிருந்துதான், 1867-இல், தங்குங் வரை ஓடியது. ஏன் இங்கே? உள்நாட்டின் சர்க்கரையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர.

செவ்வாய்க்கிழமை இரவு முதல் அக்கா கேட்டுக்கொண்டிருக்கும் 'ஏன் எல்லாம் இனிக்கிறது' என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். 1830 முதல் டச்சு அரசு ஜாவா விவசாயியை அவன் நிலத்தில் ஒரு பகுதியை அரசு சொல்லும் ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்க வைத்தது. நெல் விளைந்த வயலில் கரும்பு வந்தது. மத்திய ஜாவாவும் கிழக்கு ஜாவாவும் சர்க்கரை ஆலைகளால் நிறைந்தன. அப்போது வந்த இனிப்புதான் நாக்கில் தங்கிவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பனைவெல்லம் அதற்கு வெகு முன்பே இருந்ததே என்பது என் சந்தேகம். ஆனால் ஊன் கடையின் வாடிக்கையாளர்களைச் சர்க்கரைதான் அனுப்பிவைத்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆலை மேலாளர்கள், ரயில்வே அதிகாரிகள், வங்கிக்காரர்கள். ஆசியாவின் சர்க்கரை ராஜா என்று பெயரெடுத்த ஊய் தியோங் ஹாம் இதே செமராங்காரர்தான். அவரும் சீன வம்சம்.

வியப்பு என்னவென்றால், கடை கிளை பரப்பிய காலம். 1930 வாக்கில் உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்தது. ஜாவாவின் சர்க்கரை உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன்னிலிருந்து ஐந்தாறு ஆண்டுகளில் 5 லட்சம் டன் அளவுக்குச் சரிந்தது. ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. அதே ஆறு ஆண்டுகளில்தான் மாலாங், ஜகார்த்தா, செமராங் கிளைகள் எழுந்தன. துணிச்சலா, மலிவாகக் கட்டடம் கிடைத்ததா? அந்தக் குடும்பத்துக் கணக்கு நோட்டு என் அக்காவின் கையில் கிடைத்தால் சொல்லிவிடுவாள்.

1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். வாடிக்கையாளர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1945 அக்டோபரில், இதே சாலைக் கோடியில், இந்தோனேசிய இளைஞர்களுக்கும் ஜப்பானியப் படைக்கும் ஐந்து நாள் சண்டை நடந்தது. துகு மூடா அதற்கான தூண். சாலைக்கு இளைஞர் என்று பெயர் வந்திருப்பதும் பொருத்தம்தான். ஐம்பதுகளின் கடைசியில் டச்சுக் கம்பெனிகள் நாட்டுடைமை ஆயின. எஞ்சியிருந்த டச்சுக்காரர்களும் கப்பலேறினார்கள். அறுபதுகளில் சீனர்களுக்குக் கெட்ட காலம்: பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், சீன எழுத்து பொது இடங்களிலிருந்து மறைந்தது. 2000-இல் வாஹித் அதிபராக இருந்தபோதுதான் சீனப் பண்டிகைகள் பொதுவெளிக்குத் திரும்பின. இத்தனைக்கும் நடுவில் வாசலில் 'ஊன்' என்ற பெயர் தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் மாலை மறுபடியும் அங்கே போய் உட்கார்ந்து அக்காவிடம் சொன்னபோது, பாதியில் நிறுத்தினாள். "டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள். பிறகு இந்த பிஸ்கட்டை யார் வாங்கினார்கள்?"

நல்ல கேள்வி. பதில் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. முக்காடு அணிந்த இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் ஆறு டப்பா வாங்கிக்கொண்டிருந்தார்கள். பூனை நாக்கு, பாலாடைக்கட்டி போட்ட 'காஸ்தெங்கெல்', அன்னாசிப் பாகு வைத்த 'நாஸ்தர்'. நாஸ்தர் என்பது அன்னாசித் தார்ட்டின் டச்சுப் பெயர் சுருங்கி வந்தது. மூன்றுமே இன்று இந்தோனேசியா முழுவதும் ரம்ஜான் பெருநாள் பலகாரம். டச்சுக்காரன் சாயங்காலத் தேநீரோடு கொறித்தது, முஸ்லிம் வீட்டு முன்னறையில் பெருநாள் விருந்தாளிக்கு நீட்டும் டப்பாவாகிவிட்டது. நம் கிறிஸ்துமஸ் கேக்கைத் தீபாவளிச் சீர்த்தட்டில் வைத்தது போல.

அக்கா எழுந்து போய் ஒரு டப்பா வாங்கினாள். நோட்டில் 'பிஸ்கட்' என்று எழுதியிருந்தாள். பூனையைக் குறிப்பிடவில்லை.

ஜனவரி 13, சனி – சாலையில்

இந்த நாளை நான் எழுதாமல் விட்டிருப்பேன்.

செமராங்கிலிருந்து மாலாங்குக்கு வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும் வேன். காலை ஏழு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு வந்தது. மீதி ஏழு பேரை ஊரெல்லாம் சுற்றி ஏற்றிக்கொள்ள இன்னும் ஒன்றரை மணி நேரம். ஒரே சந்தின் முன்னால் இரண்டு முறை நின்றோம். குளிர்சாதனக் கருவியிலிருந்து அக்காவின் தோளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டிரைவரிடம் சொன்னால், நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறார். ஒரு துண்டு கொடுத்தார். அந்தத் துண்டும் ஈரம். இவ்வளவு பணிவாகக் கேட்பவரிடம் எப்படிக் கோபப்படுவது? கோபத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு மாலாங் வரை வந்தேன்.

வழியில் சுங்கச்சாலை ஓய்விடத்தில் ஒரு சோத்தோ சூப், 25,000. அக்காவுக்கு அவித்த வேர்க்கடலை, இரண்டு வாழைப்பழம். முன்னிருக்கைப் பெண்ணின் குழந்தை அழுதது. அக்கா டப்பாவைத் திறந்து ஒரு பூனை நாக்கைக் கொடுத்தாள். பிறகு பின்னிருக்கை மாணவனுக்கு. பிறகு டிரைவருக்கு. அப்போதுதான் தானும் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததையும் எடுத்தாள்.

மாலாங் வந்து சேர்ந்தபோது இரவு எட்டு. குளிர்ந்த காற்று. சுமார் 440 மீட்டர் உயரம் என்றால் நமக்கு ஒன்றுமில்லை. செமராங்கிலிருந்து வருகிறவனுக்குக் குன்னூர்.

ஜனவரி 14, ஞாயிறு – மாலாங்

மாலாங்கின் ஊன் கடை காயுதாங்கான் வீதி தொடங்கும் முனையில் இருக்கிறது. 1930-இல் தொடங்கியது. பெயரும் பழைய தோற்றமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் 1990 வாக்கில் ஊன் குடும்பத்தின் கையிலிருந்து வேறு கைக்கு மாறிவிட்டது. ஜகார்த்தா கிளை எழுபதுகளிலேயே மூடிவிட்டது. ஆக, யோக்யகர்த்தாவில் ஒன்றுமில்லை, செமராங்கில் குடும்பம் இருக்கிறது, மாலாங்கில் பெயர் இருக்கிறது.

உள்ளே டச்சில் ஒரு பெரிய வரவேற்பு வாசகம் தொங்குகிறது: மாலாங்குக்கு வருக, 1930 முதல் விருந்தினர்களுக்கு 'கெஸெல்லிஹைட்' தரும் டோக்கோ ஊன் என்று. அந்தச் சொல்லைத் தமிழில் சொல்வது கடினம். வேண்டியவர்களோடு ஓரிடத்தில் அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இதம். திண்ணை என்று சொன்னால் பாதி வந்துவிடும்.

தாழ்வான பிரம்பு நாற்காலிகள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத தாழ்வு. (அக்காவின் முழங்கால் வேறு கருத்து வைத்திருக்கிறது.) எதிரே இன்று கடைவளாகம் நிற்கும் இடத்தில் கொங்கோர்தியா என்ற டச்சுக்காரர்களின் கிளப் இருந்தது. விடுதலை அறிவித்த குடியரசின் தற்காலிக நாடாளுமன்றம் 1947 பிப்ரவரி கடைசியில் அந்தக் கிளப்பில்தான் கூடியது. டச்சுக்காரர்களோடு செய்த லிங்கஜாத்தி ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று அனல் பறக்க விவாதித்தார்கள். உறுப்பினர்கள் சாலையைக் கடந்து ஊன் கடைக்குச் சாப்பிட வருவார்கள் என்று சொல்கிறார்கள். டச்சுக்காரனை வெளியேற்றுவது எப்படி என்று பேசிக்கொண்டே அவன் பெயரிட்ட பிஸ்தீக்கை வெட்டியிருப்பார்கள்! அதே ஆண்டு ஜூலையில் டச்சுப்படை ஊருக்குள் நுழைந்தபோது, எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று குடியரசுக்காரர்களே பல கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். கிளப் எரிந்தது. ஐஸ்கிரீம் கடை தப்பியது.

ஞாயிறு என்பதால் கூட்டம். தேவாலயத்திலிருந்து வந்த குடும்பங்கள், தோளில் பையோடு மாணவர்கள், நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. அந்த அம்மையார் மெனுவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் கணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்திச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த முறை நான் நாக்குச் சொல்லவில்லை. நாசி கோரெங் போதும் என்றேன், அக்காவுக்காக என்று நினைத்துக்கொண்டு. அவளோ மெனுவைக் கையில் வாங்கி, 'டூட்டி ஃப்ரூட்டி' என்று யாரையும் கேட்காமல் சொன்னாள். அடுக்கடுக்காக நிறம், நடுவில் பழத்துண்டுகள், பழைய காலத்து ஐஸ்கிரீம்: கொழகொழப்பு இல்லாமல், பாலும் பனித்தூளும் நாக்கில் தனித்தனியாகத் தெரிவது. சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் வண்டிக்காரர் மரவாளியைச் சுற்றிச் சுற்றி எடுத்த ஐஸ் எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவுக்கும் வந்திருக்க வேண்டும். "அப்பா வாங்கித் தர மாட்டார். காலராவாம்" என்றாள்.

வெளியே மழை தொடங்கியது. போவதற்கு வழியில்லை. யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை. பில் கேட்க நான் பரிமாறுபவரைத் தேடியபோது, அக்கா அவரைக் காட்டினாள். நான்கு விரலையும் மடக்கி, கட்டைவிரலால்.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நோட்டை எடுத்தாள். எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்தேன்.

'டூட்டி ஃப்ரூட்டி (என்னுடையது). வேனில் கொடுத்தது போக மீதி பூனை நாக்கு: 11. தம்பிக்குத் தரக் கூடாது, தெராசி விஷயம்.'